ஜூலை மாதத்துச் சிவப்புக் குழாய்

ஹீட்டர் கம்ப்ளெய்ன்ட் எல்லாம் டிசம்பரில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு ஜூலையில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் இந்த அம்மாவுக்கு வாய் ஓயவில்லை என்று நீங்கள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். பேசிக்கொள்ளுங்கள். துபாயில் ஒரு பில்டிங் மெயின்டனன்ஸ் கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அரை ஆயுசைக் கழித்தவள் நான். ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் இந்த ஊரில் பாதி பாத்ரூம்களுக்குள் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நம் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. டெக்னீஷியன் நேரில் போகிறான், பார்க்கிறான், தொடுகிறான், மோந்துகூடப் பார்க்கிறான். நமக்கு அதெல்லாம் கிடையாது. நம்மிடம் வருவது ஒரு குரல் மட்டும். அதுவும் பாதி நேரம் கோபத்தில் கத்தும், மீதி நேரம் விஷயத்தை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்லும். அந்த வேறு எதையோவைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை. "சார், கம்ப்ளெய்ன்ட் மட்டும் சொல்லுங்க" என்று வெட்டி விடுகிறீர்கள். சீக்கிரம் முடித்தால் பெயர் கிடைக்கும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் ஒரு ஜூன் மாதம் போன் செய்து அழாத குறையாகப் பேசினாள். நீலக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறதாம், சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த பச்சைத் தண்ணீர் வருகிறதாம், வீடு கட்டியவன் பைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டானாம். போனை எடுத்தவள் நம் டெஸ்க்கில் அப்போதுதான் சேர்ந்தவள். கொஞ்சமும் யோசிக்காமல், பைப் இரண்டையும் மாற்றிப் போடச் சொல்லிப் பிளம்பரை அனுப்பிவிட்டாள். பிளம்பர் அந்த வீட்டு வாசலிலிருந்து எனக்குப் போன் செய்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், என் காது வலித்துவிட்டது.

இங்கே கோடையில் எல்லாம் தலைகீழ் என்பது உங்களுக்குத் தெரியும். மாடித் தொட்டி வெயிலில் காய்கிறது. மத்தியானம் நீலக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அதனால் ஏப்ரல் போனதும் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தொங்கும் ஹீட்டர் டேங்கில் தண்ணீர் ஆறிப்போய்க் கிடக்கும். குளிக்க, முகம் கழுவ, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாம் அந்தத் தண்ணீர்தான். கோடை முழுக்கச் சிவப்புக் குழாய்தான் குளிர்ந்த குழாய். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. முதல் வருஷம் ஒருமுறை சூடு பட்டுக்கொண்டு எல்லாரும் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் கதை சிரிப்போடு போயிற்று. இது அப்படிப் போகவில்லை.

செலின் என்று ஒரு நர்ஸ். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர். நம் கம்பெனி பார்த்துக்கொண்ட ஒரு பில்டிங்கில் ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில் இருந்தாள். ஒரு ஜூலையில் போன் செய்தாள். பாத்ரூம் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஹீட்டர் டேங்கில் எங்கோ ஒழுகுகிறது என்றாள். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன். சரி என்று போனை வைத்திருக்கலாம். தமிழ்க் குரல் கேட்டதும் பேச்சு நீண்டது. அப்பா விசிட் விசாவில் வந்திருக்கிறாராம். ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவராம். இங்கே நாலு சுவருக்குள் அடைத்து வைத்தது போல் இருக்கிறதாம்.

"நாளைக்கு ஆள் அனுப்புறதுன்னா மத்தியானத்துக்கு முன்னாடியே அனுப்பிருங்க அக்கா," என்றாள். "சாப்பிட்டு முடிச்சதும் அப்பா பாத்ரூமுல போயி உக்காந்துருவாரு. சுகரு கூடிப்போச்சு, காலு ரெண்டும் எரியுதுன்னு பக்கெட்டுல வெள்ளம் புடிச்சு காலை முக்கிட்டு இருப்பாரு. எரிச்சல் மட்டும்தான் தெரியும், தொட்டா தெரியாது. முள்ளு குத்துனாலும் தெரியாது. அந்த நேரத்துல பெல் அடிச்சாலும் அவரு வர மாட்டாரு."

அவர்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். நான் ம் கொட்டினேன். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு மகளின் புலம்பலாகத்தான் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது. வெட்டி விடாமல் கேட்டேன் என்ற ஒன்றைத் தவிர அன்றைக்கு நான் எந்தப் பெரிய காரியமும் செய்யவில்லை.

மறுநாள் குமரேசனை அனுப்பினேன். பெங்களூரில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவன், பனிக்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவன். வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். துணி விரித்து அதன்மேல் சாமான்களை வைப்பான், முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வருவான். எனக்குப் பிடித்த பையன்களில் ஒருவன். அது அவனுக்கு இங்கே முதல் கோடை.

அன்றைக்கு மத்தியானம் அவன் போன் செய்தான். செலின் வீட்டு வேலை முடிந்துவிட்டது, ஒழுகிய வால்வை மாற்றியாயிற்று, இப்போது ஜெபல் அலிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறேன், அடுத்த வேலையைச் சொல்லுங்கள் என்றான். நான் வழக்கம்போல் முடிக்கப் பார்த்தேன். அவனுக்குத் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஆசை. அதில் தப்பில்லை, யாருக்கு இருக்காது.

"டெஸ்ட் பண்ணித்தான் விட்டேன் மேடம்," என்றான். "ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகலை. தண்ணி கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு. சூப்பரா வேலை செய்யுது."

அடுத்த வேலையைக் குறிக்க எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

ஸ்விட்சை அணைத்தாயா என்று கேட்டேன். இல்லையே என்றான். ஓட்டலில் சுடுதண்ணீர் வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம், ஓடும் நிலையில்தானே ஒப்படைக்க வேண்டும் என்றான். அங்கே இருந்த பெரியவரிடம் சொன்னாயா என்றேன். சொன்னானாம். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததாம், ஹீட்டர் ரெடி ஐயா என்றதும் அவர் தலையை ஆட்டினாராம்.

இவன் கவனக்குறைவாக எதையும் விட்டுவிட்டு வரவில்லை. படித்தபடி செய்திருக்கிறான். அதுதான் பயங்கரம். அணைந்தே கிடந்த ஹீட்டரைச் சுட வைத்து, சுட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். உள்ளே இருப்பவரோ காலில் நெருப்பை வைத்தாலும் தெரியாத மனுஷன். சிவப்புக் குழாயைத் திறந்து பக்கெட்டைப் பிடித்துவிட்டு, காலை முக்கி உட்காரப் போகிறார். சாப்பாட்டு நேரமும் முடியப் போகிறது.

தண்ணீரைத் தொட்டுப் பார்க்க மாட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பைப்பில் ஆறிக் கிடந்த தண்ணீர். அதில் கை வைத்தால் குளிரத்தான் செய்யும். அதற்குப் பிறகுதான் டேங்கிலிருந்து வரும். தொட்டுப் பார்க்கிறவனைக்கூட ஏமாற்றிவிடும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைக்கு எவ்வளவு சூடு தெரியும் என்பதும் எனக்குச் சந்தேகம்.

குமரேசனைத் திரும்பி ஓடச் சொன்னாலும் அந்த ரோட்டிலிருந்து நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டான். செலினுக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. வார்டில் டியூட்டியில் இருக்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். பெரியவரிடம் இருந்தது ஊர் நம்பர். வைஃபையில் மகளோடு பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார், நமக்கு அந்த நம்பர் தெரியாது. ஆஸ்பத்திரி போர்டுக்கு அடித்தேன். அரபியில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை வரவேற்றார்கள். பிறகு பாட்டு போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டை ஒரு காதில் ஓடவிட்டு, இன்னொரு போனில் பில்டிங் வாட்ச்மேனை, நாம் நாத்தூர் என்போமே, அவரைப் பிடிக்கப் பார்த்தேன். வங்காளதேசத்துக்காரர், ரஹீம் பாய். அவர் போனும் அடித்து அடித்து நின்றது. தொழுகை நேரம்.

இந்த மாதிரி நேரத்தில் உடம்பில் ஒரு பரபரப்பு வரும். ஒன்றும் செய்ய முடியாதபோது கை எதையாவது செய்யத் துடிக்கும். நான் மறுபடி மறுபடி செலினுக்கே போட்டுக்கொண்டிருந்தேன். எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதைத் தள்ளிவிட்டேன்.

ரஹீம் பாய் எடுத்தார். மேலே போங்கள், அந்த வீட்டுப் பெல்லை அடியுங்கள், பெரியவர் பாத்ரூமுக்குள் போய்விடாமல் பாருங்கள், லைனைக் கட் பண்ணாதீர்கள் என்றேன். அவர் லிஃப்டுக்குக் காத்திருந்ததும், லிஃப்டுக்குள் சிக்னல் போனதும் எனக்கு ஒரு யுகம். பிறகு பெல் அடிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பாபா, பாபா என்று கூப்பிடுகிறார். உள்ளேயிருந்து பதில் இல்லை.

அப்படியென்றால் அவர் உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் எங்கள் சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். மதுரைக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். விஷயத்தைச் சொன்னேன். எலக்ட்ரிக் ரூமுக்குப் போய் அந்த ஃப்ளாட்டின் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஹீட்டர் அணைந்துவிடும் என்றார். சட்டென்று கேட்டால் சரியாகத்தான் படும். உங்களில் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வீர்கள்.

நான் முடியாது என்றேன். கரண்டை நிறுத்தினால் ஹீட்டர் இனிமேல் சூடாக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும் டேங்க் ராத்திரி வரைக்கும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். போதாக்குறைக்கு ஜன்னல் இல்லாத பாத்ரூம். விளக்கு அணைந்தால் கால் உணர்ச்சி இல்லாத மனுஷன் இருட்டில் சுடுதண்ணீருக்கு மேல் விழுவார். தண்ணீரை நிறுத்த வேண்டும். டேங்குக்குள் மாடித் தொட்டித் தண்ணீர் போனால்தான் அது சுடுதண்ணீரை வெளியே தள்ளும். வெளியே இருக்கும் வால்வை மூடினால் சிவப்பும் நிற்கும், நீலமும் நிற்கும்.

"ரஹீம் பாய், லிஃப்ட் பக்கத்துல பைப் ரூம் இருக்கே, அதைத் திற. தண்ணி வால்வை மூடு. ஜல்தி."

திறந்தார். வால்வு நாலு இருக்கிறது, எது எந்த ஃப்ளாட்டுக்கு என்று எழுதியிருந்த பெயிண்ட் உரிந்துபோய்விட்டது என்றார். நாலு வீட்டுத் தண்ணீரையும் நிறுத்த அப்ரூவல் வேண்டும், கம்ப்ளெய்ன்ட் வந்தால் யார் பதில் சொல்வது என்று சூப்பர்வைசர் என் தோளுக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பொதுவாக ஆபீஸில் நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

"நாலையும் மூடு பாய். நான் பார்த்துக்கறேன். கலாஸ், அவ்வளவுதான்."

மூடினார். ஒவ்வொன்றையும் திருகும்போது அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு காதில் காலி காரிடார், இன்னொரு காதில் ஆஸ்பத்திரிப் பாட்டு. நாம் எடுத்த முடிவு சரியா தப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போமே, இந்த வேலையில் அதைவிடக் கொடுமை எதுவும் கிடையாது. என்ன படித்திருந்தாலும் அந்த நேரத்தில் கைகொடுக்காது.

ஒரு கதவு திறந்தது. பெரியவர் இல்லை, எதிர் வீட்டு அம்மா. தலை நிறைய ஷாம்பூ, தண்ணீர் நின்றுவிட்டது என்று ஹிந்தியில் ரஹீம் பாயைப் பிடிபிடி என்று பிடித்தாள். அந்தத் திட்டுக்கு நடுவில்தான் இன்னொரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தட்டியதற்கும் பெல்லுக்கும் வராத மனுஷன் தண்ணீர் நின்றதற்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்தார்.

ரஹீம் பாய் போனை அவர் கையில் கொடுத்தார். "யாருப்பா வெள்ளத்த நிறுத்துனது? பாதி பக்கெட்டுதான் ஆச்சு," என்றார் பெரியவர்.

"ஐயா, காலைத் தண்ணியில வெச்சீங்களா?"

"வெச்சுட்டுத்தான இருந்தேன். ஒரு காலை வெச்சேன், மத்ததை வெக்க வெள்ளம் காணாது. அதான் எந்திரிச்சு வந்தேன். நீங்க எந்த ஆபீஸு?"

ரஹீம் பாயிடம் போனைக் கொடுங்கள் என்றேன். உள்ளே போய்ப் பக்கெட்டில் விரலை வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் வைத்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு ரொம்பச் சூடு மேடம், ரொம்பச் சூடு என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். பாபாவின் வலது கால் கணுக்காலுக்கு மேல் வரைக்கும் சிவந்திருக்கிறது என்றார். பாபா சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்றார்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு காதில் பாட்டு நின்றது. ஆபரேட்டரிடம் வார்டைச் சொல்லி, அங்கிருந்து ஒரு சிஸ்டர் போய்க் கூப்பிட்டு, செலின் வந்தாள். இரண்டே வரியில் சொன்னேன். ஒரு நிமிஷம் அவள் மகளாக இல்லை, நர்ஸாகிவிட்டாள். குரல் இரும்பு மாதிரி இருந்தது.

"குழாய்க்கு அடியில காலைக் காட்டச் சொல்லுங்க. பச்சைத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். ஐஸ் வைக்கக் கூடாது. பேஸ்ட்டு, மஞ்சள் ஒண்ணும் தடவக் கூடாது."

"எந்தக் குழாய்க்கு அடியில செலின்?" என்றேன்.

வால்வைத் திறந்தால் நீலக் குழாயில் மாடித் தொட்டியின் வெயில் வரும், சிவப்பில் ஹீட்டரின் நெருப்பு வரும். ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வைத்தியம் அவள் சொந்த வீட்டில் ஜூலை மாதத்தில் செல்லாது. அந்த வீட்டுக் குழாயில் ஒரு துளி குளிர்ந்த தண்ணீர் கிடையாது.

"கேன் தண்ணி," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

குடிக்க வாங்கி வைக்கும் கேன்கள். ஏசி ஓடும் கிச்சனில் இரண்டு நிரம்பிய கேன் இருந்தது. ரஹீம் பாய் பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கேனைச் சாய்த்து மெல்ல மெல்லக் காலில் ஊற்றினார். செலின் என் ஒரு காதில் சொல்லச் சொல்ல நான் இன்னொரு காதில் ஹிந்தியில் சொன்னேன். வேகமாக ஊற்றாதீர்கள், தோலைத் தேய்க்காதீர்கள், நிறுத்தாதீர்கள். ஒரு கேன் தீர்ந்தது. குடிக்கிற வெள்ளத்தை இப்படிக் கொட்டுகிறீர்களே என்று பெரியவர் தடுத்தார். என் மகள் காசு கொடுத்து வாங்கி வைத்தது என்றார். ஷாம்பூ அம்மா அதற்குள் விஷயம் புரிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தன் வீட்டிலிருந்து இன்னொரு கேனை உருட்டிக்கொண்டு வந்தாளாம். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது.

செலின் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்ததும் ரஹீம் பாய் போனை வைத்தார். நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். சூப்பர்வைசர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலு வீட்டுத் தண்ணீரை நிறுத்தியதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. எழுதிக் கொடுத்தேன்.

குமரேசன் அன்றைக்கே ஆபீஸுக்கு வந்தான். யூனிபார்மெல்லாம் வேர்வை, முகம் செத்துப்போய்க் கிடந்தது. நான் என்ன தப்பு செய்தேன் மேடம் என்று கேட்டான். சாக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. உட்கார வைத்து, இந்த ஊர்க் கோடையையும் இரண்டு குழாயையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனை ஊருக்கு அனுப்பும் பேச்சு வந்தது. வேலையைச் சரியாகச் செய்ததற்குத் தண்டனையா, அவனுக்குச் சொல்லிக் கொடுக்காத கம்பெனிக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். பேச்சு நின்றது.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு கேள்வியைப் பழக்கத்தில் வைத்தேன். எந்த வேலை முடிந்து எவன் போன் செய்தாலும், சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டு விட மாட்டேன். நீ போகும்போது ஸ்விட்ச் எப்படி இருந்தது, வரும்போது எப்படி விட்டாய், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். பையன்கள் சலித்துக்கொள்வார்கள். மேடம் ஆரம்பிச்சுட்டாங்க என்பார்கள். நீங்களும் கேளுங்கள். சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். ஒரு வீட்டில் எது வேலை செய்யாமல் கிடக்கிறதோ, அதை நம்பித்தான் சில சமயம் அந்த வீடு ஓடிக்கொண்டிருக்கும். அதை நீங்கள் சரி செய்துவிட்டு வந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும், அவர்களுக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

அன்றைக்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் செலின் போன் செய்தாள். டெஸ்க் நம்பருக்குத்தான் செய்தாள், வரிசையில் காத்திருந்து என்னைக் கேட்டு வாங்கினாள். டாக்டர் பார்த்துவிட்டார் என்றாள். காலில் தோல் பெயர்ந்திருக்கிறது, கொப்புளம் வந்திருக்கிறது, சுகர் இருப்பதால் ஆற மாசக்கணக்கில் ஆகும், தினமும் கட்டு மாற்ற வேண்டும். கால் தப்பிக்கும் என்று சொல்லியிருக்கிறார். வழக்கம்போல் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்திருந்தால் இரண்டையும் எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றாராம். நம் ஆளைப் பற்றிக் குறை சொல்லத்தான் போன் செய்கிறாள் என்று நினைத்து, கம்பெனி பொறுப்பேற்கும் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்பாவுக்கு ஒண்ணுமே வலிக்கலையாம் அக்கா," என்றாள். "கட்டுப் போடும்போது எல்லாரையும் பாத்துச் சிரிக்காரு. எதுக்கு இப்படிப் பதறுதியன்னு கேக்காரு. தோலை நான்தான் எடுத்தேன், அப்ப ஊர்க் கதை சொல்லிட்டிருக்காரு. ஒரு தடவை ஆ-ன்னு சொன்னா போதும்னு இருந்தது எனக்கு. ஒரே ஒரு தடவை."

சொல்லிவிட்டு அழுதாள். போர்டில் அடுத்தடுத்த அழைப்புகள் காத்திருந்தன. சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து அதைச் சுட்டிக் காட்டினார். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் லைனில் இருந்தேன்.